உளுந்துக் கொல்லையில் ஆரம்பிக்கலாம்

கேள்வி: ஐயா, வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கும்பகோணத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கோடை லீவில் ஏதாவது ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி எடுத்தால் பின்னால் உதவும் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். அதெல்லாம் ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்குத்தான் என்கிறார்கள் தோழிகள். சென்னையில் ஒரு பிராஜெக்ட் சென்டரில் 15 நாள் பயிற்சிக்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள், சர்டிபிகேட் உண்டு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். இந்த வருடம் உளுந்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் மஞ்சள் அடித்துவிட்டது, நடுவில் மட்டும்தான் பச்சையாக இருக்கிறது. அதனால் பணம் கேட்கவும் தயக்கம். ‘பாட்டனி படித்தால் பி.எட். முடித்து டீச்சர், வேறென்ன இருக்கு’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பணத்தைக் கட்டலாமா? எனக்கெல்லாம் ஆராய்ச்சி வருமா? – பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: பணத்தைக் கட்டாதே. என் பேத்தி வயது உனக்கு, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

பயிர் நோய் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிகள் சில என்னை வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிடும். ஒரு வருடம் மேசையில் வந்து விழுந்த மூன்று பிராஜெக்ட் அறிக்கைகளில் ஒரே ஜெல் படம், அதாவது டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தில் ஓட்டிப் பிரித்து எடுக்கிற படம். மூன்று பேர், மூன்று தலைப்பு, மூன்று செடி. டி.என்.ஏ. பட்டைகள் மட்டும் அச்சு அசலாக ஒன்றே, ஓரத்தில் இருந்த கீறல் உட்பட. “இந்த ஜெல்லை எத்தனை வோல்ட்டில் ஓட்டினாய்?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் பக்கத்திலிருந்த தோழியைப் பார்த்தாள், தோழி தரையைப் பார்த்தாள். பாவம், ஜெல் ஓடியதை இருவருமே பார்க்கவில்லை. பணம் கட்டியிருக்கிறார்கள், இரண்டு நாள் போய் நின்றிருக்கிறார்கள், பைண்டிங் செய்த புத்தகம் கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணத்தை வாங்கினவர்கள் மேல் உண்டு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அரசு நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் உண்டு. அதற்கு ரசீது உண்டு, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளும் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்டுக்கொள்: நான் என்ன கேள்விக்கு விடை தேடப் போகிறேன், தினமும் என்னோடு யார் இருப்பார், நான் எடுத்த கணக்கை நானே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? இதற்கெல்லாம் ‘சர்டிபிகேட் கிடைக்கும்மா’ என்றே பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு.

அடுத்தது ஐ.ஐ.டி. பிள்ளைகள் சமாசாரம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் தொடங்கியது இந்திய அறிவியல் அகாடமி (Indian Academy of Sciences). அதுவும், டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் (பழைய அலகாபாத்) இருக்கிற தேசிய அறிவியல் அகாடமிகள் இரண்டும் சேர்ந்து வருடாவருடம் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, மாத உதவித்தொகை, போய்வர ஓரளவு ரயில் கட்டணம். எந்தக் கல்லூரி என்பது தடையே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவதற்கு மதிப்பெண்ணைவிட பெரிய காரணம் காலண்டர். இதற்கு விண்ணப்பிப்பது முந்தின வருடக் கடைசியில், மழைக்காலத்தை ஒட்டி. கோடையைப் பற்றி நம் பிள்ளைகள் நினைக்க ஆரம்பிப்பது பங்குனியில். எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி மார்ச், ஏப்ரலில்தான் வருகின்றன. நீ பிப்ரவரியில் எழுதியிருக்கிறாய், அந்த மட்டுக்கும் நீ முந்திக்கொண்டாய். ஆனாலும் இந்தக் கோடைக்கான அந்தக் கதவு மூடிவிட்டது. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது நீ இரண்டாமாண்டில் இருப்பாய். கல்லூரி திறந்ததிலிருந்தே அவர்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிரு.

பெங்களூரிலேயே ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பி.எஸ்சி. முதலாண்டு உயிரியல் மாணவர்களுக்கென்றே ‘போப்’ (POBE, Project Oriented Biological Education) என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். சில பேரை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த கோடைகளில் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பழக்குவார்கள். முதலாண்டு தாண்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். இந்த வருட அறிவிப்பு வந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார். கிடைப்பது கடினம்தான், இருந்தாலும் போட்டு வை.

சரி, இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வாய்க்கால் ஓரம் மஞ்சள், நடுவில் பச்சை. இதை நீ பணக் கஷ்டத்துக்குக் காரணமாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது ஒரு ஆராய்ச்சிக் கேள்வியாகத் தெரிகிறது. இப்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிற முதலாண்டுப் பிள்ளையை என் சர்வீஸில் விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் எல்லாம் ‘எதிலாவது ஒரு பிராஜெக்ட் குடுங்க சார்’ என்றுதான் வருவார்கள்.

முதலில் அது நிஜமாகவே மஞ்சள் தேமல் நோய்தானா என்று பார். தேமல் என்றால் இலை முழுக்க ஒரே சீராக வெளுக்காது. பளிச்சென்ற மஞ்சள் திட்டும் பச்சைத் திட்டும் கலந்து கிடக்கும், இளம் இலைகளிலேயே தெரியும். அடி இலைகள் மட்டும் சீராக வெளுத்திருந்தால் சத்துக் குறைவாக இருக்கலாம். வாய்க்கால் ஊற்றில் வேர் நனைந்து நின்றாலும் செடி மஞ்சளாகும். ஓரத்துச் செடிகளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே, நடு வயலிலும் பத்துச் செடியை இலை இலையாகப் பார்.

தேமல்தான் என்றால், அது வைரஸ். காற்றில் வராது, தண்ணீரில் வராது. வெள்ளை ஈ நோயுள்ள செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு நல்ல செடியில் போய் உட்கார்ந்து குத்துகிறது, அப்படித்தான் ஏறுகிறது. அந்த ஈக்கு உளுந்து மட்டும்தான் என்றில்லை. வரப்புக் களை, பக்கத்துக் கொல்லைப் பருத்தி, கத்தரி, வெண்டை எல்லாமே அதற்கு வீடுதான். அப்படியானால் வாய்க்கால் கரையிலிருந்துதான் உள்ளே நுழைகிறதா? இதற்கு உன்னாலேயே விடை தேட முடியும், மைக்ராஸ்கோப்கூட வேண்டாம்.

ஒரு மீட்டர் நீளத்தில் நாலு குச்சி வெட்டி சதுரமாகக் கட்டிக்கொள், சவுக்குக் குச்சி போதும். வாய்க்காலை ஒட்டி, பத்து மீட்டர் உள்ளே, இருபது மீட்டர் உள்ளே என்று மூன்று கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஐந்து இடத்தில் சதுரத்தை வை. எந்த ஐந்து இடம் என்பதை வீட்டிலேயே சீட்டுக் குலுக்கி, எத்தனையாவது தப்படி என்று எழுதிக்கொண்டு போய்விடு. வயலில் நின்று தேர்ந்தெடுத்தால் கண் தானாக மஞ்சளைத் தேடிப் போகும், எனக்கே போகும். சதுரத்துக்குள் மொத்தம் எத்தனை செடி, அதில் மஞ்சள் எத்தனை, அவ்வளவுதான். பிறகு சதுரத்துக்கு இரண்டு செடியில், நுனியிலிருந்து மூன்று இலையை மெதுவாகத் திருப்பி அடியில் இருக்கும் வெள்ளை ஈயை எண்ணு. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடு. குளிரில் அது மந்தமாக உட்கார்ந்திருக்கும், வெயில் ஏறினால் இலையைத் தொட்டதுமே மாவு மாதிரிப் பறந்துவிடும். வாரம் ஒரு நாள், அதே கிழமை. தைக்கு முன்னே நெல் நிற்கும்போதே தெளித்த உளுந்து என்றால் பங்குனி நடுவில் பறிப்புக்கு வந்துவிடும். உன் கையில் நாலைந்து வாரம்தான் இருக்கிறது.

இதை எழுத ஒரு நோட்டு போடு, தைத்த நோட்டு. உதிரித்தாள் கூடவே கூடாது. 1983-இல் எம்.எஸ்சி. படித்தபோது மூன்று வாரம் நெல் வயலில் உட்கார்ந்து வெண்கதிர் எண்ணினேன். அத்தனையும் பரீட்சை அட்டையில் கிளிப் போட்ட தாள்கள். திருவாரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் அட்டையை மேலே பலகையில் வைத்தேன். இறங்கும்போது குடையை எடுத்தேன், அட்டையை எடுக்கவில்லை. மறுநாள் டெப்போவுக்குப் போய்க் கேட்டால், கண்டக்டர் சிரித்துக்கொண்டே “சார், அதுல வெறும் நம்பராத்தானே இருந்துச்சு” என்றார்.

நோட்டில் ஒரு நாள் பக்கம் இப்படி இருந்தால் போதும்: தேதி, நேரம், வானம் எப்படி, கோடு 1, சதுரம் 3, மொத்தச் செடி 31, மஞ்சள் 12, ஈ 9. கீழே, ‘நேற்று அப்பா இந்தப் பக்கம் வேப்பெண்ணெய் அடித்தார்’. அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால், அடுத்த வாரம் ஈ குறைந்ததற்கு நீயாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வாய். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போடாதே, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது. நோட்டைத் தினமும் போனில் ஒரு படம் எடுத்து வை. என் காலத்தில் அந்த வசதி இல்லை.

செமஸ்டர் முடிந்ததும் இந்த நோட்டோடு எங்கே போவது? உனக்கு மிகப் பக்கம் ஆடுதுறை. 1922-இல் தொடங்கின நிலையம், இன்றைக்குத் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனம். நெல் ரகங்களின் பெயரில் அப்பா வாயில் வரும் ‘ஏடிடி’ என்பது ஆடுதுறையின் சுருக்கம்தான். நெல் மட்டுமல்ல, ஏடிடி 3 உளுந்தும் அங்கே பிறந்ததுதான். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ், உனக்கு டிக்கெட் செலவும் கிடையாது. உன் கேள்விக்கு இன்னும் நேரான இடம் வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிற தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம். மஞ்சள் தேமலைத் தாங்குகிற வம்பன் 8 உளுந்து அங்கிருந்து வந்ததுதான். வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியாது, தங்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் ஆடுதுறைக்கு எழுது. இரண்டுமே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. துறைத்தலைவர் பரிந்துரையும் முதல்வர் கையெழுத்தும் உள்ள கடிதத்தோடு போனால்தான் வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே விடுவார்கள்.

அதற்கு முன்னே, அங்கே பயறில் அல்லது பூச்சியில் வேலை செய்கிற ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, மெயில் போடு. ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புகிற பழக்கம் பரவிக் கிடக்கிறது. என் பெயருக்குப் பதில் பக்கத்து அறைக்காரர் பெயர் போட்டு எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. நீ இப்படி எழுது, தமிழில் எழுதிவிட்டு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்:

‘வணக்கம். நான் தாவரவியல் முதலாண்டு மாணவி. எங்கள் நெல் தரிசு உளுந்தில் வாய்க்கால் ஓரச் செடிகளில் மஞ்சள் தேமல் அதிகமாகத் தெரிந்தது. ஐந்து வாரம், வாரம் 15 சதுரத்தில் எண்ணினேன். அட்டவணையை இணைத்திருக்கிறேன். வெள்ளை ஈயின் எண்ணிக்கையோடு அது சில வாரம் ஒத்துப்போகிறது, சில வாரம் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று புரியவில்லை. மே மாதம் நான்கு வாரம் உங்களிடம் வந்து, எந்த வேலையானாலும் செய்துகொண்டு, இதைக் கற்றுக்கொள்ள அனுமதிப்பீர்களா? என் துறைத்தலைவரின் கடிதத்தைக் கொண்டு வருகிறேன்.’

அவ்வளவு போதும். ‘சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தணியாத தாகம்’ என்றெல்லாம் வேண்டாம். அந்தத் தாகம் எல்லா மெயிலிலும் வருகிறது. ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொள்கிற வரி மட்டும் எதிலும் வராது, வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம். பத்து நாள் பதில் இல்லை என்றால் ஒரு முறை ஞாபகப்படுத்து. அப்புறமும் இல்லை என்றால் அடுத்த ஆளுக்கு எழுது. விஞ்ஞானிகள் மெயில் பார்க்காததற்கு உன் தகுதி காரணமில்லை, அநேகமாக அன்றைக்கு ஏதோ ஆய்வுக்கூட்டம் இருந்திருக்கும்.

போன முதல் வாரம் ஏமாற்றமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் சாமான் கழுவச் சொல்வார்கள். ஆட்டோகிளேவில் என்ன வைக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வார்கள். அது கிருமியைக் கொல்கிற பெரிய பிரஷர் குக்கர்தான், 121 டிகிரியில் கால் மணி நேரம். வீட்டில் குக்கர் வைக்கத் தெரிந்தவளுக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆவி அடங்கும் முன்னே திறக்கக் கூடாது, இங்கேயும் அதே விதி. கழுவுகிற பிள்ளை ஒழுங்காகக் கழுவுகிறதா என்றுதான் முதல் வாரம் பார்ப்போம். சோப்பு மிச்சமிருந்தால் அடுத்தவர் மூன்று நாள் வேலை வீண். இரண்டாம் வாரம் யாராவது, துளியிலும் சிறிய அளவை உறிஞ்சி விடுகிற மைக்ரோபிப்பெட்டைக் கையில் கொடுப்பார்கள். கல்லூரியில் அது பீரோவுக்குள் பூட்டியிருக்கும், இல்லையா? வெறும் தண்ணீரை வைத்து நூறு தடவை பழகு. கட்டைவிரல் முதல் நிறுத்தத்தையும் இரண்டாம் நிறுத்தத்தையும் தானாக உணர வேண்டும்.

பூச்சியும் நோயும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால்? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரேபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. மேத்யூ பாதிரியார் 1967-இல் தொடங்கியது. நம் ஊர்ச் செடிகளை உலர்த்தி, ஒட்டி, பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டனி படிக்கிறவள் ஒரு நாளாவது போய்ப் பார்க்க வேண்டும். கடல் பக்கம் ஆசை என்றால் கொள்ளிடம் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். கோடியக்கரைக்குப் போகலாமா என்று எழுதாதே. போகலாம், ஆனால் வலசைப் பறவைகள் வருவது மழையோடு, மே மாத வெயிலில் அவை இருக்காது. கோடைக்கும் பறவைக்கும் நம் டெல்டாவில் பொருத்தம் இல்லை.

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீச்சர் வேலையைக் குறைத்துப் பேசமாட்டேன், எனக்கு உளுந்துப் பூவைப் பிரித்துக் காட்டியதே ஒரு டீச்சர்தான். ஆனால் அது மட்டும்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்வது தப்பு. எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வுகள் உண்டு: ஜாம் (JAM) எழுதினால் ஐ.ஐ.டி.கள், மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை ஆதரவில் நடக்கும் படிப்புகளுக்கு காட்-பி (GAT-B), திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட் (CUET). ஜாம் பயோடெக்னாலஜி தாளில் வேதியியலும் கணக்கும் பிளஸ் டூ அளவில் வரும், பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதே. பிறகு நெட் (NET) தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய். வனத்துறையில் உதவி வனப் பாதுகாவலர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 1-ஏ தேர்வுக்குத் தாவரவியல் செல்லும். விதைக் கம்பெனி, வாழைத் திசு வளர்ப்புக் கூடம், கடலோர இறால் குஞ்சுப் பொரிப்பகத்தின் நோய்ப் பரிசோதனை லேப் எல்லாம் நம் பக்கத்திலேயே உண்டு. முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. கையில் வேலை தெரிந்தவளுக்கு மளமளவென்று ஏறும்.

தமிழ் மீடியம் என்ற பயத்தை விட்டுவிடு என்று சொன்னால் போய்விடாது, எனக்கும் இருந்தது. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து முதலில் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார். மஞ்சள் எத்தனை, பச்சை எத்தனை என்று நீயே எண்ணினவள், அந்த அட்டவணை உனக்குப் புரியும். பிறகு சுருக்கத்தைப் படி. வாரம் ஒன்று போதும்.

பெங்களூர் என்றால் வீட்டில் தயங்குவார்கள். அடுத்த வருடம் தேர்வுக் கடிதம் வரும்போது, அங்கே விடுதி உண்டா, கூட எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று கேட்டு எழுது, வருகிற பதிலை அம்மாவிடம் வாசித்துக் காட்டு. இந்த மே மாதம் ஆடுதுறைக்கு தினமும் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவளாக அவர்கள் உன்னைப் பார்த்திருந்தால், அந்தப் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

கடைசியாக ஒன்று. அப்பா மஞ்சள் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். பிடுங்கட்டும், தேமலுக்கு அதுதான் சரியான வைத்தியம். ‘என் கணக்குக்காக விட்டு வைங்கப்பா’ என்று மட்டும் கேட்டுவிடாதே, குத்தகை நெல்லை உன் நோட்டு அளக்காது. பிடுங்கும்போது கூடவே போ. எந்தக் கோட்டில் எத்தனை பிடுங்கினார் என்று எண்ணி, அந்த வாரப் பக்கத்தின் கீழே எழுதிக்கொள்.